ரெண்டு டம்ளர்

எங்கள் அத்தான் பெயிண்டர். சுவருக்கு வண்ணம் அடிப்பதைவிட டாக்டர்களுக்கு டிமிக்கி கொடுப்பதில் கெட்டிக்காரர். பன்னிரண்டு வருஷம் குடித்தார். "எவ்வளவு குடிப்பீங்க?" என்று டாக்டர்கள் கேட்பார்கள். "ரெண்டு டம்ளர்" என்பார். எழுதிக்கொண்டு மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அவர் சொன்னது பொய்யில்லை. டம்ளர் எவ்வளவு பெரிது என்று கடைசியில் ஒரு நர்ஸ்தான் கேட்டார். அங்கே தொடங்கிய வைத்தியத்தில்தான் பிழைத்தார். குடியை விட்டு ஒன்பது வருஷமாகிறது.

இப்போது அதே ஆஸ்பத்திரியில், குடிப்பவர்களிடம் பேசப் பழகும் டாக்டர்களுக்கு அவர்தான் நோயாளி வேஷம் போடுகிறார். அக்காவுக்கு மனைவி வேஷம். அதற்கு நடிப்பே தேவையில்லை. அந்த டம்ளரும் அவள் பையில் போகும், யாராவது கேட்டால் காட்ட. மூன்று வகுப்பாகியும் ஒருவரும் கேட்கவில்லை, ஒருவரும் தேறவுமில்லை.

"இன்னிக்கும் யாரும் தேறலைன்னா வகுப்பையே மூடச் சொல்லிட்டாங்க. கொஞ்சம் விட்டுக்கொடுங்களேன்," என்றார் வகுப்பை நடத்தும் பெரிய டாக்டரம்மா.

அந்த வகுப்பு அத்தானுக்கு உயிர். ஆனாலும் பிடிகொடுக்கவில்லை. "நெஜமா குடிக்கிறவன் விட்டுக்கொடுப்பானாம்மா?"

அன்று நானும் கூடப் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். முதல் டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்தே பேசினார். அடுத்தவர் ஈரல் கெட்டுவிடும் என்று மிரட்டினார். மூன்றாமவர் பிரசங்கமே செய்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கடைசியாக, அதுவரை வாயே திறக்காத ஒரு பெண் டாக்டர். பேனாவை மூடி வைத்தார்.

"குடிச்சா உங்களுக்கு என்ன நல்லது நடக்குது?"

அத்தான் நிமிர்ந்து அவரைப் பார்த்தார். "தூக்கம் வரும்மா."

"எவ்வளவு குடிச்சா?"

"ரெண்டு டம்ளர்."

போச்சு, என்று நினைத்தேன். ஆனால் அந்த டாக்டர் அக்கா பக்கம் திரும்பினார்.

"டம்ளர் எவ்வளவு பெருசும்மா?"

அக்கா பையிலிருந்து அந்த நெட்டை டம்ளரை எடுத்து மேஜைமேல் நங்கென்று வைத்தாள். டாக்டர் தண்ணீர் பாட்டிலை அதில் நிறையச் சரித்தார். பாதி பாட்டில் காலி.

"அப்போ தெனமும் ஒரு முழு பாட்டில்," என்றார், அதட்டாமல். "அதோட வேலைக்கும் போயிருக்கீங்க. ரொம்பக் கஷ்டமா இருந்திருக்கும். கொறைக்கணும்னு எப்பவாவது தோணிச்சா?"

அத்தானுக்கு வேஷம் மறந்துபோனது. "தெனமும் தோணும்மா," என்றார்.

பெரிய டாக்டரம்மாதான் முதலில் கைதட்டினார். அடுத்த மாத வகுப்புக்கு அங்கேயே தேதி குறித்தார்கள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அக்கா மட்டும் டம்ளரைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"பன்னெண்டு வருஷமா இதைக் கழுவினவ நான்," என்றாள். "இன்னிக்குத்தான்டி ஒரு டாக்டர் என்னைக் கேட்டாங்க."