வாளியில்லாத நடை

"அந்த வாளியில என்னமோ இருக்குது" என்று முதலில் சொன்னவர் ஞானசௌந்தரி சிஸ்டர்தான்.

திருப்பதியில் ஓர் ஆஸ்பத்திரியின் மருந்து ஜன்னலில் நான் வேலைக்குச் சேர்ந்திருந்த சமயம். சிஸ்டர் பிரசவ வார்டுக்குத் தலைமை நர்ஸ். அவர் சொன்னது வார்டு ஆயா செங்கம்மாவின் தகர வாளியை. செங்கம்மா அதை இடது இடுப்பில் அணைத்துக்கொண்டுதான் எங்கேயும் போவாள். தரை துடைக்கப் போகும்போது சரி. டீ குடிக்கப் போகும்போதும் வாளி எதற்கு? வாளி இல்லாத வேளையில் அந்த இடுப்பில் யாருடைய குழந்தையாவது இருக்கும், இல்லாவிட்டால் துவைக்க வேண்டிய துணிமூட்டை. வெறுங்கையோடு அவள் நடந்து யாரும் பார்த்ததில்லை.

அந்த மாதம் வார்டில் பால்பவுடர் டின்கள் குறைந்தன. வாளி என்ற ஒரு சொல் எல்லார் வாயிலும் உருள ஆரம்பித்தது.

"காலையில காலியா போவுது, சாயங்காலம் கனமா வருது" என்றான் கேட்டில் நிற்கும் கன்னையா.

"கனமாயிருந்தா கை தொங்குமில்ல? அவளுக்குத் தொங்கலியே" என்றேன்.

"அதான் சார் சாமர்த்தியம்."

ஒரு நாள் சிஸ்டர் வராந்தாவின் நடுவிலேயே அவளை நிறுத்தி வாளிக்குள் கைவிட்டுப் பார்த்தார். ஒன்றுமில்லை, ஓர் ஈரத்துணி கூட இல்லை. திருட்டுப் பொருள் கிடைத்திருந்தால் சந்தேகம் அன்றோடு முடிந்திருக்கும். கிடைக்காததால் அது வளர்ந்தது.

"காலி வாளியை எதுக்குச் சுமந்துகிட்டுத் திரியிற?"

"பழக்கம், சிஸ்டரம்மா."

"என்ன பழக்கமோ. ஆண்டவருக்குத் தெரியும்."

எனக்குத் தெரிந்தது ஒரு மழை நாளில். கூரை ஒழுகிய இடத்தில் வாளியை வைத்துவிட்டு, பக்கத்தில் யாருமில்லை என்று நினைத்து அவள் துணி அலமாரிவரை போனாள். வலது கால் சரியாகத்தான் போயிற்று. இடது கால் தரையை நம்பாமல் இறங்கியது. ஒவ்வொரு முறையும் உடம்பு அந்தப் பக்கம் சரிந்து, ஒரு கதவு கீல் கழன்று தொங்குவதுபோல் நின்று, மறுபடி நிமிர்ந்தது. அலமாரியைப் பிடித்துக்கொண்டு திரும்பினவள் ஜன்னலில் என் முகத்தைப் பார்த்தாள்.

அவளே வந்தாள், வாளியோடு.

"பாத்துட்டியா, தம்பி?"

"யார்கிட்டயும் சொல்லமாட்டேன்."

"சொன்னா இன்னா ஆவும்னு தெரியுமில்ல? நொண்டி ஆயாவ எவன் வச்சிக்குவான்? வேல போச்சின்னா எனக்கு ஊருமில்ல, ஊடுமில்ல."

அதற்குப் பிறகும் அவள் என்னை முழுசாக நம்பவில்லை. ஜன்னலைக் கடக்கும்போதெல்லாம் என் கண் எங்கே போகிறது என்று பார்ப்பாள். ஆனாலும் பாட்டில் கழுவ வரும்போது கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள்.

நகரிக்குப் பக்கம் விவசாயக் குடும்பம். மற்றக் குழந்தைகள் ஓடுகிற வயசில் இவள் தவழ்ந்தாள். அப்பா ஆற்று மணலில் குழி தோண்டி, இவளை இடுப்புவரை நிற்கவைத்து மூடினார். கால் பலப்படும் என்று அந்தப் பக்கத்தில் செய்வார்கள். "ஊரே சுத்தி நின்னுக்கினு பாத்துது, நான் எந்திரிக்கிறனா இல்லியான்னு. நைனா கைய நீட்டல. மொளகா செடியாட்டம் நட்டுட்டு ஒக்காந்துக்கினாரு." எழுந்தாள். ஆனால் சாய்ந்தே எழுந்தாள்.

பெண் பார்க்க வந்தவர்கள் புத்தூர்க்காரர்கள். மாப்பிள்ளை பெயர் எத்திராஜ். பெண்ணைக் கிணற்றுக்கு அனுப்பித் தண்ணீர் கொண்டுவரச் சொல்வது வழக்கம். தாகத்துக்கு அல்ல, நடையைப் பார்க்க. செங்கம்மாவின் அம்மா பொன்னியம்மா அன்றைக்குப் பெரிய பித்தளைக் குடத்தை எடுத்து இடது இடுப்பில் வைத்தாள். குடம் சுமக்கிற எவளும் ஒரு பக்கம் சாய்ந்துதான் வருவாள். அந்தச் சாய்வை யார் நொண்டல் என்பார்கள்? "நட நல்லா கீது" என்று மாமியாரே வாய்விட்டுச் சொன்னாளாம்.

மாட்டிக்கொண்டதும் ஒரு வழக்கத்தால்தான். புதுப்பெண்ணை வேலை செய்ய விடக்கூடாது என்று கல்யாணமாகிப் போன வீட்டில் குடத்தைத் தொடவே விடவில்லை. வெறுங்கையோடு வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்ததில் வீடு முழுவதும் தெரிந்துவிட்டது.

"கொடத்தோட காட்டுனாங்களே, கொடமில்லாம காட்டுனாங்களான்னு மாமியா கேட்டா. அந்தாளு ஒண்ணும் கேக்கல. என்னத் திருப்பிக் கொண்டாந்து வுட வண்டி கட்டினாரு."

இந்த ஆஸ்பத்திரியில் வேலை கேட்டு வந்தபோது, அப்போதிருந்த டாக்டர் இரண்டு வாளி தண்ணீர் தூக்கிவரச் சொன்னாராம். தூக்கி வந்தாள். எடுத்துக்கொண்டார். அதோடு பரீட்சைகள் முடிந்தன என்று நினைத்திருந்தாள்.

ஆந்திரா தனி மாகாணம் ஆயிற்று. கர்னூல் தலைநகரம். அங்கே எல்லாமே புதுசாகத் தொடங்குவதால் ஆஸ்பத்திரிக்கும் ஆள் பற்றாக்குறை, இங்கேயிருந்து அள்ளிக்கொண்டு போவார்கள் என்று பேச்சு வந்தது. எல்லைப் பக்கத்துக்காரர்களுக்கு வேறு கவலை. நகரி எந்தப் பக்கம், புத்தூர் எந்தப் பக்கம் என்று தகராறு நடக்கும்போது, ஊரைவிட்டுப் போனால் திரும்பி வரும்போது ஊர் எந்த மாகாணத்தில் இருக்கும்? வராந்தாவில் இரண்டு பேர் தமிழில் தாழ்ந்து பேசினால் மூன்றாவது ஆள் நின்று கேட்டான். தெலுங்கில் பேசினாலும் நின்றான்.

உடல்தகுதிப் பரிசோதனைக்கு வெளியிலிருந்து ஒரு பெரிய டாக்டர் வருகிறார் என்றார்கள். தகுதியில்லாதவர்களுக்கு வேலையில்லை, வீட்டுக்குப் போகலாம். தகுதியுள்ளவர்களில் சிலர் கர்னூல் போகவேண்டும். சொந்தமாக நிலம் இருந்தவர்கள் வீட்டுக்குப் போகவே தயாரானார்கள். திடீரென்று ஆஸ்பத்திரி முழுக்க நோய். கன்னையா கேட்டில் நின்றபடி இருமப் பழகினான். சமையல்காரர் முட்டியைத் தேய்த்துக்கொண்டே சோறு வடித்தார்.

செங்கம்மா மட்டும் எதிர்ப்பக்கம் பழகினாள். துணிகள் வைக்கும் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு வெறுங்கையோடு நேராக நடக்கப் பழகினாள்.

"வருதா?" என்று கேட்டேன்.

"நெனச்சி நெனச்சி நடந்தா வருது. நெனப்பு வுட்டா சாயுது."

பரிசோதனை வராந்தாவில் நடந்தது. பெரிய டாக்டர் கடலோரத் தெலுங்குக்காரர். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, பரிசோதிக்க வந்தவரைப் போலில்லாமல் கள்ளனைப் பிடிக்க வந்தவரைப் போல எல்லாரையும் பார்த்தார். கன்னையாவின் இருமலைக் கேட்டு, ஆள் போன பிறகும் இருமல் தொடர்கிறதா என்று காது கொடுத்தார். தொடரவில்லை. சிரித்தார்.

செங்கம்மா முறை வந்தது.

"ஊரு ஏதி?"

"நகரி பக்கமுங்க."

"அரவமா?" தமிழா என்று கேட்கிறார். பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

குந்தி எழச் சொன்னார். எழுந்தாள். மரப்பெட்டிமேல் ஏறி இறங்கச் சொன்னார். வலது காலை முதலில் வைத்து ஏறினாள், யாரும் கவனிக்கவில்லை. பிறகு வராந்தாக் கோடிவரை போய்வரச் சொன்னதும், அவள் கை தானாக வாளிக்குப் போயிற்று.

"பக்கெட் எந்துகு? அக்கட பெட்டு" என்றார் டாக்டர். வாளியைக் கீழே வைத்தாள். வைத்த சத்தத்தில் சிஸ்டர் நிமிர்ந்து பார்த்தார்.

"நடு" என்றார் டாக்டர், தெலுங்கில் நடக்கச் சொல்லி.

"நாத்து நடச் சொல்றாரு, செங்கம்மா" என்றான் கன்னையா மெல்ல. நாலு பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் அவள் நினைப்பு விட்டுப்போயிற்று.

உடம்பு சாய்ந்தது. நிமிர்த்தப் பார்த்தாள், இன்னும் அதிகமாகச் சாய்ந்தது. மணலிலிருந்து எழுந்த அதே நடை. கோடிவரை போனாள். திரும்பி எங்கள் எல்லார் முகத்தையும் பார்த்துக்கொண்டே, எதையும் மறைக்காமல் நடந்து வந்தாள். வேலை போய்விட்டது என்று எனக்குத் தெரிந்தது. அவளுக்கும் தெரிந்திருந்தது.

டாக்டர் கையைத் தட்டினார்.

"அரவவாள்ளந்தரிகீ ஈ நெல கால் நொப்பே!" தமிழர்கள் அத்தனை பேருக்கும் இந்த மாசம் கால்வலிதான். சிஸ்டர் பக்கம் திரும்பித் தெலுங்கிலேயே கேட்டார். "இவ எப்பவும் இப்படியா நடக்கறா?"

"இல்லைங்க டாக்டர்." சிஸ்டர் குரல் உறுதியாக இருந்தது. பொய் சொல்கிறவர் அல்ல. "வருஷக்கணக்கா பாக்கறேன். தண்ணிவாளியோட நேரா நடப்பா. ஒரு நாளும் நொண்டினதில்லை."

"நாடகம்" என்றார் டாக்டர்.

நான் வாயைத் திறப்பதற்குள் செங்கம்மா என்னைப் பார்த்தாள். பேசாதே என்ற பார்வை.

பூரண தகுதி என்று எழுதினார். நடித்த குற்றத்துக்குக் கர்னூல் போகிறவர்களில் முதல் பெயராகவும் அவளையே சேர்த்தார்.

சாயங்காலம் ஜன்னலுக்கு வந்தாள். கையில் ஒன்றுமில்லை. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குப் பிடிபடவில்லை.

"கொடத்த வச்சிக்கினு ஏமாத்துனேன், நட நல்லா கீதுன்னாங்க. இன்னிக்கி உள்ளபடி நடந்தேன், நாடகமாம்."

"கர்னூல் தூரமாச்சே?"

"சோறு துன்ற எடந்தான் ஊரு, தம்பி. வேல கீதில்ல?"

அன்றிலிருந்து அவள் வாளியைத் தொடவில்லை. வார்டு முழுக்கச் சாய்ந்து சாய்ந்து நடந்தாள். அடக்கி வைத்ததெல்லாம் அவிழ்ந்ததுபோல் கையை வீசி நடந்தாள். உத்தரவை ரத்து செய்யத்தான் இன்னும் நடிக்கிறாள் என்று பேசிக்கொண்டார்கள்.

"போதும் செங்கம்மா, டாக்டர் போயிட்டாரு. நேரா நட" என்றான் கன்னையா.

"சர்க்காரே என் கால் நல்லா கீதுன்னு எய்திக் குடுத்துட்டுது. நொண்டின்னு சொல்றதுக்கு நீ யார்ரா, இருமல் கம்பெனி?"

கர்னூல் ரயிலைப் பிடிக்க ரேணிகுண்டாவுக்குப் போகிற பஸ்ஸில் அவளை ஏற்றிவிட்டேன். தகரப் பெட்டியை இடுப்பில் வாங்கிக்கொள்வாள் என்று நீட்டினேன். "மேல போடு" என்று கூரையைக் காட்டிவிட்டு, படியைப் பிடித்து, எல்லாரும் பார்க்க, வலது காலை வைத்து ஏறினாள்.

நான் திரும்பி வந்தபோது வாளி வார்டுக் குழாயடியில் கவிழ்ந்து கிடந்தது. ஞானசௌந்தரி சிஸ்டர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, அதை நிமிர்த்தி உள்ளே கைவிட்டுத் தடவினார். பிறகு திருப்பி, அடிப்பக்கத்தையும் விரலால் தட்டிப் பார்த்தார்.