நாலு புள்ளி மூணு

என் மனைவி காரை வேகமாக ஓட்டுவதில் பிரியம் உள்ளவள். வார நாட்களில் கிள்ளானில் கப்பல் சரக்கு அலுவலகத்தில் வேலை. சில சனிக்கிழமைகளில் தன் பழைய ஜப்பான் காரை சிப்பாங் கார்ப் பந்தய ஓட்டப்பாதைக்குக் கொண்டுபோய், தலைக்கவசம் மாட்டிக்கொண்டு சுற்றிவிட்டு, டயர் நாற்றத்தோடு வீட்டுக்கு வருவாள். நான் பிரிக்ஃபீல்ட்ஸில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். காரைப் பற்றி எனக்குத் தெரிந்தது பெட்ரோல் போடுவது மட்டும்தான்.

அவள் ஐந்து மாதக் கர்ப்பமாக இருந்தபோது, கார் பின்பக்கத்திலிருந்து ஊளையிடத் தொடங்கியது. வொர்க்‌ஷாப்பில் கழற்றிப் பார்த்தார்கள். இஞ்சினின் சுழற்சியைப் பின்சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிஃப்ரன்ஷியலில் பற்கள் உடைந்திருந்தன. வேறு ஒன்று வாங்க வேண்டும். பழைய ஜப்பான் கார்களை அறுத்து விற்கும் கடைக்கு அவளே போயிருப்பாள். அன்று எழுந்து நின்றாலே தலை சுற்றியது. என்னை அனுப்பினாள்.

"ரெண்டு ரேஷியோ இருக்குன்னு சொன்னாங்க. மூணு புள்ளி ஒன்பது, நாலு புள்ளி மூணு. சைக்கிள் மாதிரிதான் லா. ஒன்னு மேடு ஏற, ஒன்னு ஹைவேக்கு."

"உனக்கு எது வேணும்?"

"நீங்களே பார்த்து எடுங்க" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

கோபமா, களைப்பா, என்னைச் சோதிக்கிறாளா? ஒன்றும் விளங்கவில்லை. குழந்தை பிறந்த பிறகு அவள் மறுபடி சிப்பாங் போவாளா என்று நாங்கள் இருவரும் பேசிக்கொண்டதே இல்லை.

கிள்ளான் கடையில் இரண்டு டிஃப்ரன்ஷியல்களும் கிரீஸ் படிந்து, பார்க்க ஒன்றுபோலவே கிடந்தன. கடைக்காரர் ஒன்றைக் காலால் தட்டினார்.

"இதுதான் நாலு புள்ளி மூணு, பாஸ். ட்ராக்குக்கா, ரோட்டுக்கா?"

"குழந்தையோட போற மாதிரி. சத்தமில்லாம."

அவர் வாயைத் திறப்பதற்குள் யாரோ லோரியிலிருந்து ஹாரன் அடித்தார்கள். "டெய்லி போறதுன்னா நம்பர பாத்துக்குங்க" என்று சொல்லிக்கொண்டே போய்விட்டார்.

நம்பரைப் பார்த்தேன். என் பள்ளிக்கூட நாள் சைக்கிளில் முன்னால் பெரிய பல்சக்கரம். ஒரு மிதி மிதித்தால் வெகுதூரம் போகும், கால் வலிக்காது. ஆகவே பெரிய நம்பர் என்றால் இஞ்சின் மெதுவாகச் சுற்றும், கார் சாந்தமாகப் போகும் என்று முடிவு செய்தேன். நாலு புள்ளி மூணையே வாங்கினேன். திரும்பி வந்த கடைக்காரர் என்னை ஒருமாதிரி பார்த்தார். பிறகு காசை எண்ணி வாங்கிக்கொண்டார்.

மாட்டி முடித்த அன்று அவள்தான் ஓட்டினாள். ஃபெடரல் ஹைவேயில் ஏறியதும் இஞ்சின் கத்தியது. அடுத்த கியர் போடுவாள் என்று காத்திருந்தேன்.

"கியர் மாத்தலையா?"

"இதுதான் கடைசி கியர்."

பெட்ரோல் நிலையம் ஒன்றில் வண்டியை ஒதுக்கி நிறுத்தினாள். கண்கள் நிறைந்திருந்தன.

"ட்ராக்குக்குப் போடுறத எடுத்திருக்கீங்க. நான் திரும்ப ரேஸ் ஓட்டணும்னு நீங்க நினைக்கிறீங்கன்னு எனக்குத் தெரியாது. மூணு புள்ளி ஒன்பதுதான் எடுப்பீங்கன்னு நெனச்சேன்."

பொய் சொல்ல வாய் வரவில்லை. "இது சத்தமில்லாம போகும்னு நெனச்சுதான் எடுத்தேன். சைக்கிளோட முன் பல்சக்கரம் மாதிரின்னு நெனச்சேன்… இது பின் பல்சக்கரம் மாதிரி போல, பெருசானா இஞ்சின்தான் அதிகமா சுத்துது."

முதலில் சிரித்தாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு. பிறகு சிரிப்பு நின்றது. "அப்ப நான் ஓட்டுறது உங்களுக்குப் பிடிக்கல."

"எனக்குத் தெரியல" என்றேன். அது உண்மை. அவள் சிப்பாங் போகும் நாளில் கடையில் ஃபோனையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஓட்டிவிட்டு வரும் அவள் முகம் எனக்குப் பிடிக்கும். இதில் எது பெரியது என்று கணக்குப் போடத் தெரியவில்லை.

"மாத்திடலாம். கடைக்காரர் திருப்பி எடுத்துக்குவார்" என்றாள்.

மறுநாள் அதை மாற்றுவதற்காக நானே தனியாகக் காரைக் கிளப்பினேன். பிரிக்ஃபீல்ட்ஸ் நெரிசலில், சிக்னல் பச்சைக்கு மாறியதும் பெடலை லேசாகத் தொட்டேன். கார் தாவியது. அடுத்த சிக்னலில் வேண்டுமென்றே செய்து பார்த்தேன். வெட்கமாக இருந்தது, ஆனாலும் இன்னொரு முறை செய்தேன்.

வொர்க்‌ஷாப்பில் ஃபோர்மன் காரைத் தூக்கும் ஜேக்கைத் தள்ளிக்கொண்டு வந்தார். "கழட்டிடவா, அண்ணே?"

"வேணாம். ஆயில் கசியுதான்னு மட்டும் பாருங்க."

வீட்டில் அவள் ஏன் என்று கேட்டாள். "ஓட்டிப் பார்த்தேன்" என்று மட்டும் சொன்னேன். அவள் என்னை வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மகள் பால்குடி மறந்த பிறகு ஒரு சனிக்கிழமை என் மனைவி மறுபடி சிப்பாங் போனாள். நானும் போனேன். வேலிக்கு இந்தப் பக்கம் மகளின் காதுகளை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு நின்றேன். மகளோ சத்தம் கேட்க என் கைகளைத் தட்டிவிட்டுக்கொண்டே இருந்தாள்.