ஐயர் பொட்டு வைத்த ஹெல்மெட்

பெண் பிள்ளைக்கு எதற்கு அமெரிக்கன் ஃபுட்பால் என்று இன்றைக்கும் யாராவது கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பன்னிரண்டு வயதில் ஜெர்மனியின் ஹம் நகரத்துப் பையன்களின் அணியில் நான் ஒருத்திதான் பெண். பந்தோடு ஓடி வருகிறவனை மறித்து விழுத்துவது என் வேலை. அதில் நான் கெட்டிக்காரி. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

புது ஹெல்மெட் வாங்கியதும் அப்பா அதைக் கோயிலுக்குக் கொண்டுபோனார். புதுக் கார் வாங்கினால் எங்கள் ஆட்கள் செய்வதுதான். சக்கரம் இல்லாத சாமானுக்கு எலுமிச்சம்பழத்தை எங்கே வைப்பது என்று ஐயர் சற்றுத் தடுமாறினார். பிறகு என் பெயருக்கும் நட்சத்திரத்துக்கும் அர்ச்சனை செய்து, ஹெல்மெட்டின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்துத் தந்தார். இனி ஒன்றும் ஆகாது என்றார் அப்பா. நானும் நம்பினேன்.

தலையை நிமிர்த்து, தோளால் மோது என்று ட்ரெய்னர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்திலோ, பொட்டு வைத்த தலையைக் குனிந்துகொண்டு ஒரு தடியன் மேல் மாடு மாதிரிப் பாய்ந்தேன். இருவரும் விழுந்தோம். எழும்பியபோது மைதானம் ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தது. சுகமா என்று ட்ரெய்னர் கேட்க, கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன். அப்பா கை தட்டினார்.

அம்மா மட்டும் மைதானத்தின் எல்லைக்கோட்டைத் தாண்டி உள்ளே வந்துவிட்டார். பின்னேரம் முதியோர் இல்லத்தில் வேலை இருந்ததால் அந்தச் சீருடையிலேயே வந்திருந்தார். நேரே என் முன்னால் வந்து நின்றார்.

"காலமை என்ன சாப்பிட்டனி?"

பாணும் ஜாமும் என்றேன். காலையில் புட்டு வேண்டாம் என்று அவரோடு பெரிய சண்டை பிடித்துத் தோற்று, புட்டைத்தான் சாப்பிட்டிருந்தேன். அந்தச் சண்டையே என் நினைவில் இல்லை.

அம்மா என் ஹெல்மெட்டின் நாடிப்பட்டியைக் கழற்றினார். வெளியாட்கள் உள்ளே வந்தால் அணிக்குத்தான் தண்டனை என்று ட்ரெய்னர் கத்தினார். தரட்டும், பிள்ளை இல்லாமல் தான் போகமாட்டேன் என்று தனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொல்லிவிட்டு அம்மா அசையாமல் நின்றார். ஹெல்மெட் போட்டிருந்தாள்தானே என்று அப்பா இழுத்தார்.

"ஹெல்மெட் மண்டையோட்டுக்கு. உள்ளுக்குள்ள குலுங்கினதை ஆர் பிடிக்கிறது?"

மூளை அதிர்ந்திருக்கிறது, சில வாரங்களுக்கு ஓடவும் கூடாது என்றார் டாக்டர். அந்தக் கிழமைகள் முழுக்க நான் அம்மாவோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. என் விளையாட்டைக் கெடுக்கவே பிறந்தவர் என்று அவர் காதுபடச் சொன்னேன். அவரும் விடவில்லை. தலையில் அடிபட்ட எந்தப் பிள்ளையையும், அது என்ன சொன்னாலும், உடனே வெளியே எடுக்க வேண்டும் என்று ட்ரெய்னரோடு மல்லுக்கட்டி ஒப்புக்கொள்ள வைத்தார்.

டாக்டர் திரும்ப விளையாடலாம் என்று சொன்ன அன்று அத்தை தொலைபேசியில் வந்தார். வயதுக்கு வந்து குமர்ப்பிள்ளையாகப் போகிறவளை இத்தோடு மறிக்க வேண்டும் என்பது அப்பா வீட்டாரின் தீர்ப்பு. அப்பா ரிசீவரை அம்மாவிடம் நீட்டினார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"அவள் விளையாடுவாள், மச்சாள். ஒருத்தரும் மறிக்க ஏலாது. நான் கோட்டடியில நிப்பன்."

எனக்குக் கடைசி வார்த்தைகள் மட்டும்தான் ஏறின. இனி ஒவ்வொரு பயிற்சிக்கும் அம்மா வரப்போகிறார், பையன்களுக்கு முன்னால் புட்டா பாணா என்று கேட்கப்போகிறார். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.