விட்டுப்போகாத ஒற்று

எங்கள் அச்சகத்தில் அவருக்கு ஒற்று சார் என்று பெயர். நான் கணினியில் பக்கம் அடித்துக் கொடுப்பவள். அவர் படித்துப் பிழை திருத்துபவர். எங்கேயாவது ஒரு ‘க்’கோ ‘ச்’சோ விட்டுப்போனால் போதும், சிவப்புப் பேனாவால் சுழித்து, அறை முழுக்கக் கேட்கும்படி, “ஒற்று எங்கம்மா போச்சு, டீ குடிக்கவா?” என்பார். நான் அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சநஞ்சமில்லை. அந்தக் கடுப்பு எனக்கு உண்டு.

ஓய்வு பெற்ற பிறகும் வீட்டிலிருந்தே படித்துக் கொடுத்தார். கீழே ஹாலில் அவர் கணினி. மாடியில் மகளும் மாப்பிள்ளையும். மாப்பிள்ளையின் கம்பெனியை இழுத்து மூடியதிலிருந்து இருவரும் இங்கேதான். மகள் வேலைக்குப் போவாள். மாப்பிள்ளை மடிக்கணினியோடு மாடியில் உட்கார்ந்து வேலை தேடுவார். சாருக்கு அது தேடுவதாகத் தெரியவில்லை, தூங்குவதாகத்தான் தெரிந்தது. காலையில் அவர் சாப்பிட இறங்கி வரும்போதெல்லாம் ஒரு சொல் சாரின் நாக்கு நுனிவரை வந்து திரும்பும். ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. மாப்பிள்ளைக்கு மரியாதை குறையக் கூடாதே.

மாடியில் போன் நெட் சரியாக எடுக்கவில்லை, இன்டர்வியூ நடுவில் படம் அப்படியே நின்றுவிடுகிறது என்று மகள் புலம்பினாள். கீழே இருந்த பழைய ரவுட்டரிலிருந்து சாரின் கணினிக்குக் கம்பி மட்டும்தான் போனது. காற்றில் வருவதை அவர் நம்புவதில்லை. அதிலிருந்து இன்னொரு கேபிளைப் படிக்கட்டுச் சுவரோரமாக ஏற்றி, மாடியில் வைஃபை ரவுட்டர் வைப்பதென்று முடிவானது. பொருத்த வந்த ஆளை, “பெட்டியக் குடுத்துட்டுப் போப்பா, நானும் எழுதப் படிக்கத் தெரிஞ்சவன்தான்” என்று அனுப்பிவிட்டார்.

“பேரு நம்மவீடுன்னு வெக்கறேன். பாஸ்வேர்ட யாருக்கும் சொல்ல மாட்டேன், நானே வந்து போட்டுத் தரேன்” என்று மகளிடம் சொல்லிவிட்டு, புதுப் பெட்டியைத் தன் கணினியில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

பாஸ்வேர்டு புள்ளி புள்ளியாகத்தான் தெரியும், எவனும் படிக்க முடியாது. அந்தத் தைரியத்தில், நாக்கு நுனியில் கிடந்த சொல்லை ஆங்கில எழுத்தில் தட்டினார்: தண்டச்சோறு. முதலில் பூட்டு, பிறகுதான் பெயர்ப்பலகை என்பது அவர் நினைப்பு. ஆனால் திரையில் மேலே இருந்தது பெயருக்கான கட்டம். பூட்டில் நம்மவீடு போய் உட்கார்ந்துகொண்டது. அடுத்தவன் எழுதியதைத் திரும்பத் திரும்பப் படிக்கிறவர், தான் எழுதியதை ஒரு தடவைகூடப் படிக்காமல் பொத்தானை அழுத்தினார்.

பெட்டியை மாடியில் மாட்டிவிட்டுப் பாஸ்வேர்டு போட மாப்பிள்ளையின் போனைக் கேட்டார். மாப்பிள்ளை கொஞ்ச நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தாராம். “கனெக்ட் ஆயிடுச்சு மாமா, நல்லா எடுக்குது” என்றாராம்.

“பாஸ்வேர்டே கேக்காம உள்ள போயிடுச்சும்மா, பெட்டி மட்டமான பெட்டி” என்று என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். அவரிடம் இருந்தது பழைய பட்டன் போன். கணினியோ கம்பியில். அந்தப் பெயர் அவர் கண்ணில் படவே வழியில்லை. தெருவே படித்துக்கொண்டிருந்தது.

ஒருநாள் பக்கங்களோடு போனேன். ஹாலில் உட்கார்ந்து போனைத் திறந்தால் வைஃபை பட்டியலில் முதல் ஆளாக அது நின்றது. சிரிப்பை அடக்க முடியவில்லை. அவரிடமே நீட்டினேன்.

போனைக் கை நீளத்துக்கு எட்டப் பிடித்துப் பார்த்தார். “பக்கத்து வீட்டுல எவனாவது வெச்சிருப்பான்” என்றார். குரல் உள்ளே போயிருந்தது.

“இங்கிலீஷ்ல அடிக்கும்போதுகூட ‘ச்’ விடாம ரெண்டு தடவ போட, இந்தத் தெருவுல வேற யாரு சார் இருக்காங்க?”

அவர் முகத்தைப் பார்த்ததும் என் சிரிப்பு நின்றுவிட்டது. “இது மாடியில தெரியுமா?” என்று கேட்டார்.

“அதத் தொட்டாத்தான் சார் உள்ளயே போக முடியும்.”

அன்று மாப்பிள்ளை பார்த்துக்கொண்டே இருந்தது எதை என்று அப்போதுதான் சாருக்குப் புரிந்தது. பெயர் இதுவானால் பூட்டில் நம்மவீடுதான் இருக்கும் என்று ஊகித்து, மாப்பிள்ளையே தட்டி உள்ளே போயிருக்கிறார். இத்தனை நாளும் அதைப் படித்துவிட்டுத்தான் சாப்பிட இறங்கி வந்திருக்கிறார். இனி அவர் முகத்தில் எப்படி முழிப்பது?

உடனே மாற்ற வேண்டும் என்று மாடிக்கு ஓடினார். பின்னாலேயே நானும். மாப்பிள்ளை இஸ்திரி போட்ட சட்டையோடு மடிக்கணினி முன்னால் இன்டர்வியூவில் இருந்தார். கொஞ்சம் பொறுங்கள் என்று கையைக் காட்டினார். பெட்டியைத் தொட்டால் லைன் அறுந்துவிடும். சார் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். “அந்தப் பேரத் தொட்டுத்தானேம்மா வேலை தேடிட்டு இருந்திருக்கார்” என்றார். வெட்கத்தில் காதுவரை சிவந்திருந்தது. நானும் தரையைப் பார்த்தபடி நின்றேன்.

முடித்துக்கொண்டு மாப்பிள்ளை வெளியே வந்தார். “என்ன மாமா?” சார் பெட்டியைக் கையால் காட்டினார்.

“மாத்திடறேன் மாமா.” உட்கார்ந்து தட்டினார். “பேரு நம்மவீடு. பாஸ்வேர்டு நீங்க மொதல்ல நெனச்சதே இருக்கட்டும். புள்ளியாத்தானே தெரியும்.” குரலில் கோபமே இல்லை. இரண்டு திட்டு திட்டியிருந்தால்கூட சார் தாங்கியிருப்பார்.

அந்த வேலை மாப்பிள்ளைக்குக் கிடைத்தது. முதல் சம்பளத்தில் மாமனாருக்கு நல்ல போன் ஒன்று வாங்கி வந்து கையில் வைத்தார். “வைஃபை பாஸ்வேர்ட நீங்களே போட்டுக்குங்க மாமா” என்றார். மகளும் பக்கத்திலேயே நின்றிருந்தாள்.

பழகாத திரையில் தட்டியதில் ஒரு ‘ச்’ விட்டுப்போனது. பாஸ்வேர்டு தவறு என்றது போன். மாப்பிள்ளை மெதுவாகச் சொன்னார்: “ஒற்று மாமா.”

சார் அதையும் சேர்த்து, முதலிலிருந்து அடித்தார்.