செல்வியின் வேலை நேரத்தைச் சொல்லிவிட்டேன்

குத்தாலத்தில் சிறிய தையல் யூனிட் நடத்துகிறேன். என்னிடம் தைக்கும் செல்வி ஒருமுறை வீங்கிய கன்னத்தோடு வந்தபோது, குடும்ப விஷயம் என்று கேட்காமல் இருந்துவிட்டேன்.

போன மாதம் அவள் கணவர் போன் செய்து, "செல்விக்கு எத்தனை மணிக்கு வேலை முடியுங்க மேடம்?" என்று பணிவாகக் கேட்டார். "அஞ்சரைக்குங்க" என்றேன்.

அதைச் செல்வியிடம் சொன்னதும் தைப்பதை அப்படியே விட்டு எழுந்துவிட்டாள். "அடி தாங்காம அம்மா வீட்டுக்கு வந்துட்டேன்க்கா. வெட்டிடுவேன்னு சொல்லியிருக்காரு."

உடனே கதவைப் பூட்டிவிட்டுப் போலீசுக்குச் சொன்னேன். அவர்கள் வருவதற்குள் கணவர் வந்து கதவை உதைக்க ஆரம்பித்தார். போலீஸ் பிடித்தபோது அவர் பைக்கில் அரிவாள் இருந்தது.

செல்வி கேட்டபடி அவள் வேலை நேரத்தை மாற்றிக் கொடுத்திருக்கிறேன். இப்போது கணவரே கேட்டாலும் யாருடைய நேரத்தையும் சொல்வதில்லை. முகத்தில் காயம் தெரிந்தால் தனியாக அழைத்து, "என்னம்மா ஆச்சு?" என்று கேட்டுவிடுகிறேன்.