பின்வரிசைக்கு வராத கணக்கு

பலேர்மோவில் எங்கள் கணக்கு ரீச்சர் யாரையும் அடித்ததில்லை. அதற்கு அவசியமும் இருக்கவில்லை. ஒவ்வொரு சோதனைக்குப் பிறகும் எங்களை எழுப்பிச் சுவரோரம் நிறுத்துவார். 'ஒத்திமோ', அதாவது மிகச் சிறப்பு, வாங்கியவர்களுக்கு முன்வரிசை. 'சுபிச்சியேந்தே', போதுமானது, வாங்கியவர்களுக்கு நடுவரிசை. அதுவும் கிடைக்காதவர்கள் புத்தகப்பையைத் தூக்கிக்கொண்டு எல்லார் முன்னாலும் பின்வரிசையில் இருந்த கடைசி வாங்குக்கு நடக்கவேண்டும்.

நான் முன்வரிசை. மாமாவின் மகள், என் வயது மச்சாள், கடைசி வாங்கு. யாழ்ப்பாணத்திலிருந்து ஒன்றாக வந்து, பிரான்காச்சோப் பகுதியில் ஒரே வீட்டில் இருந்தோம். ஞாயிறு தேவாலயத்தில் பூசை முடிந்ததும் என் பெறுபேற்றை அம்மா எல்லாருக்கும் சொல்லுவார். அந்த ஞாயிறுகளில் மாமி தலை குனிந்து நிற்பார். மச்சாள் பஸ்ஸில் என் பக்கத்தில் இருப்பதையே விட்டுவிட்டாள்.

பின்னக் கணக்கு வந்தபோதுதான் திரும்பவும் ஒட்டினோம். மாமா சியாகுல்லித் தோட்டங்களுக்கு வேலைக்குப் போய்வரும்போது மண்டரின் பழங்கள் கொண்டுவருவார். அவற்றை உரித்து, சுளைகளைப் பிரித்துவைத்து அவளுக்குக் காட்டினேன்.

"இவ்வளவுதானோடி?" என்று சிரித்தாள். அப்படி அவள் சிரித்துப் பல மாதங்கள் ஆகியிருந்தன.

சோதனையில் அவளுக்கு எல்லாம் சரி. ரீச்சர் தாளைத் தூக்கிக் காட்டினார்.

"யாரைப் பார்த்து எழுதினாய்?"

"ஒருவரையும் பார்க்கவில்லை."

நான் எழுந்தேன். "அவள் கடைசி வாங்கில் இருக்கிறாள் ரீச்சர். அங்கே பார்த்து எழுத யாருக்குக் கணக்குத் தெரியும்?"

வகுப்பு சிரித்தது. ரீச்சர் சிரிக்கவில்லை. "பின்வரிசைக்கு இந்தக் கணக்கு வராது" என்று சொல்லி, சுபிச்சியேந்தே போட்டார்.

மறுநாள் மாமி, வேலைசெய்யும் வீட்டு எசமானி சிஞ்ஞோராவிடம் அரைநாள் லீவு கேட்டுப் பள்ளிக்கூடம் வந்தார். நான்தான் மொழிபெயர்த்தேன்.

"பலகையிலை செய்யட்டும். இப்பவே செய்து காட்டுவாள் எண்டு சொல்லு பிள்ளை."

சொன்னேன். ரீச்சர் மணிக்கூட்டைப் பார்த்தார். சித்தியடைந்துவிட்டாள்தானே, இதற்கு மேல் என்ன வேண்டும் என்றார். நிறையப் பேசினார், எல்லாம் அதைத்தான்.

"என்னவாம்?"

"போதுமாம் மாமி."

மாமி "கிராத்சியே" என்று நன்றி சொல்லிவிட்டு வெளியே போனார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இன்றைக்கும் எரிகிறது. ஒரு வெண்கட்டியை எடுத்து அந்தப் பிள்ளையின் கையில் கொடுக்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

அடுத்த சோதனை அன்று காலை, பஸ்ஸில் நான் கேட்ட கணக்கையெல்லாம் மச்சாள் மனத்தாலேயே செய்தாள். வகுப்பில் வெறுந்தாளைக் கொடுத்துவிட்டு வந்தாள்.

"தெரிஞ்சதை ஏனடி எழுதேல்லை?"

"எழுதினா மட்டும் நான் செய்தது எண்டு ரீச்சர் நம்புவாவோ?"

எனக்கு அவள்மேல்தான் கோபம் வந்தது. இவ்வளவு சொல்லிக்கொடுத்தும் வீணாக்கிவிட்டாளே என்று வீடு போய்ச் சேரும்வரை பேசவில்லை. ரீச்சர் அவளிடமிருந்து பறித்தது ஒரு ஒத்திமோவை மட்டும்தான் என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.