இரண்டே முக்கால் மார்க் ஜாஸ்தி

நுழைவுத்தேர்வு இருந்த காலம். கணக்குக்கு நூறு, இயற்பியலும் வேதியியலும் சேர்ந்து நூறு, நுழைவுத்தேர்வுக்கு நூறு. ஆக, முந்நூறுக்கு எவ்வளவு என்பதுதான் பொறியியல் கட்-ஆஃப். இவ்வளவுதான் எனக்குத் தெரியும். இவ்வளவுதான் தெரியும் என்பது எனக்கே தெரியாது.

அப்போது நான் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதகன். வடக்குப்பட்டில் வாடகை அறை. வீட்டுக்காரர் மகள் 271.25 எடுத்திருந்தாள். சாயங்காலம் வீடு திரும்பலாம் என்பதால் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துக் கல்லூரி ஒன்றுக்கு மட்டும் அவர் சம்மதித்திருந்தார். அது கிடைக்காவிட்டால் அவளுக்கு மறைமலை நகரில் ஏதாவது கம்பெனியில் லைன் வேலை.

போன வருடக் கட்-ஆஃப் பட்டியலை என்னிடம் நீட்டினார். அந்தக் கல்லூரிக்கு நேரே இரண்டு எண்கள்: 268.50, 243.00. நாள் முழுக்க இரும்புத் தண்டுகளை அளந்து, மேல் எல்லைக்கும் கீழ் எல்லைக்கும் நடுவே நிற்பதை மட்டும் பாஸ் செய்கிறவன் நான். பார்த்ததுமே புரிந்துவிட்டது.

"அண்ணாச்சி, பாப்பா ஓவர் சைஸ். ரிஜெக்ட்."

"இன்னா தம்பி சொல்றே? நல்லாப் படிச்சது தப்பா?"

"அளவுன்னா அளவுதான். கூடுனாலும் தள்ளிருவாங்க."

"எவனாச்சும் ஜாஸ்தி மார்க்க வாணாம்பானா? நீ கம்பெனிய வுட்டு வெளிய வாண்ணா," என்றாள் மகள்.

"பயப்படாதீக. குறைஞ்சாத்தான் ஸ்கிராப். கூடினத அரத்தால ராவி எடுத்துரலாம்," என்று தேற்றினேன்.

வீட்டுக்காரர் மறுநாளே பள்ளிக்குப் போய், மார்க்கைக் குறைக்க யாருக்கு மனு எழுதுவது என்று விசாரித்தார். தலைமையாசிரியர் வெயிலின் வேலை என்று எண்ணி, மோர் கொடுத்து அனுப்பிவிட்டார்.

கலந்தாய்வுக்கு மூவரும் சென்னை போனோம். மேஜைக்குப் பின்னால் இருந்த அம்மாளிடம் வீட்டுக்காரர் கைகூப்பினார்.

"மேடம், கொழந்த தெரியாம ரெண்டே முக்கா மார்க் ஜாஸ்தி எடுத்துட்ச்சு. கொஞ்சம் பாத்து சேத்துக்கோங்க."

அந்த அம்மாள் பேனாவை மூடி வைத்தார். "யார் சொன்னா?"

வீட்டுக்காரர் பட்டியலை நீட்டி, என்னைக் காட்டினார். நான் கூரை மின்விசிறியைப் பரிசோதித்துக்கொண்டிருந்தேன்.

"மேல இருக்கறது போன வருஷம் அங்க சேர்ந்ததுலயே பெரிய மார்க். கீழ இருக்கறது கடைசியா சேர்ந்த பிள்ளையோடது. அதுவும் வருஷா வருஷம் மாறும். இவ மார்க்குக்கு அங்க தாராளமா சீட் இருக்கு. வேற பெரிய காலேஜ்கூட கிடைக்கும்."

வீட்டுக்காரர் பெரிய கல்லூரியைக் காதில் வாங்கவில்லை. மகள் கணினி அறிவியல் எடுத்தாள். திரும்பும் பேருந்தில் இருவரும் என்னோடு பேசவில்லை. சிரித்தார்கள், அது வேறு.

அடுத்த வருடப் பட்டியலில் அந்தக் கல்லூரியின் மேல் எண் 271.25. வீட்டுக்காரர் அதைக் கத்தரித்து என் அறைக் கதவில் ஒட்டினார்.

"தம்பி, ஒன் மேல் எல்லைய எம்பொண்ணு மாத்திட்டா. நாளிக்கு கம்பெனில சொல்லிடு."

சொல்லவில்லை. ஆனால் அறையைக் காலி செய்யும்வரை, ஒவ்வொரு ஷிப்ட்டுக்கும் அந்த எண்ணைத் தாண்டித்தான் வெளியே போனேன்.